இடது காலில் இரண்டு ஸ்குரூ

பதினோரு வருஷமாக வேலை நாளில் என் உடம்பில் குந்துமணி தங்கம் கிடையாது. தங்கத்திலேயே வேலை செய்கிறேன், அதனால்தான் கிடையாது. ஓசூரில் நகை செய்யும் கம்பெனி ஒன்றில் பாலிஷ் செக்‌ஷனில் இருக்கிறேன். தாலி வெறும் மஞ்சள் கயிறு. மெட்டி வீட்டு அலமாரியில் கிடக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலுக்கு வரும். கொக்கி வைத்த உள்ளாடைகூட எங்களுக்கு ஆகாது, நாடா வைத்துத் தைத்துப் போட்டுக்கொள்வோம். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது ஒவ்வொருத்தியாக மெஷின் வாசலைத் தாண்ட வேண்டும். ஒரு சேஃப்டி பின் மறந்துபோய் இருந்தாலும் அது கத்தும், வரிசையே திரும்பிப் பார்க்கும்.

அதனால் ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் வந்து, "உடம்புல மெட்டல் ஏதாவது இருக்குதாம்மா?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "பதினோரு வருஷமா இல்ல சிஸ்டர்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

ஆபரேஷன் இடது காலில். வார்ப்பிலிருந்து வரும் மோதிரம், கம்மலில் இருக்கிற பிசிரை, பர் என்கிற சுழலும் சின்ன அரத்தை வைத்து எடுத்து, பிறகு சக்கரத்தில் காட்டிப் பளபளப்பாக்குவது என் வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடிதான். கம்பெனி கொடுக்கிற ஷூ முன்பக்கம் ஒடுங்கினது. என் கால் அகலம். வருஷங்கள் போகப் போகக் கட்டைவிரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்து படுத்துக்கொண்டது. அதன் அடியில் எலும்பு வெளியே துருத்தி, நெல்லிக்காய் அளவுக்குச் சிவந்து நின்றது. விரலுக்கு நடுவில் பஞ்சு வைத்தேன், எண்ணெய் போட்டேன், வெந்நீரில் வைத்தேன். கடைசி வருஷத்தில் மத்தியானம் ஆனால் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு மாதிரி வலது காலிலேயே நின்றேன். யாருக்கும் தெரியாமல் அப்படி நிற்பதற்கே தனித் திறமை வேண்டும்.

தெரியக் கூடாது என்று நான் பயந்ததற்குக் காரணம் இருக்கிறது. பதினோரு வருஷமும் நான் காண்ட்ராக்ட். பர்மனென்ட் லிஸ்டில் இந்தத் தடவை என் பெயர் இருக்கிறது என்று சூப்பர்வைசரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் செக்‌ஷனில் ஒருத்திக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. பாவம், அதை மறைக்கத் தெரியாமல் மெடிக்கல் ரூமில் போய்ச் சொன்னாள். "ரெஸ்ட் எடுத்துட்டு வாம்மா" என்று அன்பாகத்தான் அனுப்பினார்கள். அவள் திரும்பி வந்தபோது அவள் இடத்தில் வேறொருத்தி நின்றுகொண்டிருந்தாள். நின்று செய்யும் வேலைக்குக் கால் போனவள் எதற்கு? அந்தக் கேள்வியை என்னைப் பார்த்து யாரும் கேட்டுவிடக் கூடாது.

ஈ.எஸ்.ஐ.யில் போனால் பேப்பர் கம்பெனிக்குப் போய்விடும். அதனால் அத்திப்பள்ளி தாண்டி, கர்நாடகா பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு என் வீட்டுக்காரர் வண்டியில் கூட்டிப் போனார். அந்த டாக்டர் படம் போட்டுக் காட்டினார். முன்னெல்லாம் விரல் நீளத்துக்குக் கிழிப்பார்களாம், இப்போது அரிசி நீளத்தில் நாலைந்து ஓட்டை போதுமாம். அந்த ஓட்டை வழியாக எலும்பை வெட்டி நகர்த்தி, ஸ்குரூ போட்டு நிறுத்திவிடுவார்களாம். "அன்னைக்கே அட்டை மாதிரி தட்டைச் செருப்புப் போட்டு நடக்கலாம். தழும்புகூடத் தெரியாது" என்றார். தழும்பு தெரியாது என்ற அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன்.

அடுத்தது லீவு. ஐம்பது நாள் வேண்டும். மத்தூரில் என் தங்கை இருக்கிறாள். அவளுக்குப் பிரசவம், எங்களுக்கு அம்மா இல்லை, நான்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அம்மா இல்லை என்பது உண்மை. தங்கைக்குக் கடைசிப் பிள்ளை பிறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் எழுதினேன்.

ஆபரேஷன் அன்று கணுக்காலைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். முழிப்பாகத்தான் இருந்தேன். நடுவில் பச்சைத் துணி கட்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. பர். எனக்குத் தெரியாத சத்தமா? சும்மா சுற்றும்போது ஒரு குரல், பதமாகத் தொடும்போது ஒரு குரல், அழுத்தும்போது ஒரு குரல். எங்களுடையதைவிட இது மெதுவாகச் சுற்றியது. ஆனால் என் எலும்பில் இறங்கியதும் குரல் கம்மியது. அழுத்துகிறார். அழுத்தினால் சூடேறும், சூடேறினால் கறுத்துப்போகும். எங்கள் செக்‌ஷனில் அப்படி அழுத்துகிறவளின் கையில் நான் பட்டென்று தட்டுவேன். இங்கே என் கை இரண்டையும் பக்கத்தில் கட்டியிருந்தார்கள்.

"டாக்டர், அழுத்தாதீங்க" என்றேன்.

சத்தம் நின்றது. "வலிக்குதாம்மா?" என்றார் டாக்டர்.

"வலிக்கல. பர் திணறுது."

"என்னா வேலை பார்க்கறீங்க நீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "தண்ணி விட்டுகினேதான் பண்றேன், சூடாகாது. நீங்க கண்ணை மூடிக்கோங்க" என்றார். நான் மூடவில்லை. காதை எப்படி மூடுவது? கடைசிவரை அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே கிடந்தேன்.

முடிந்ததும் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். என் காலுக்குள் இரண்டு ஸ்குரூ வெள்ளையாகக் குறுக்கே போயிருந்தன. "தொந்தரவு பண்ணாத வரைக்கும் எடுக்கத் தேவையில்ல. இனிமே இது உங்களோடது" என்றார். துரு பிடிக்குமா என்று கேட்டேன். டைட்டானியம், பிடிக்காது என்றார். சரி என்று படத்தை மஞ்சள் கவரில் போட்டு வாங்கிக்கொண்டேன். நான் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அது அன்றைக்கும் தோன்றவில்லை, வீட்டில் கால் நீட்டிக் கிடந்த ஐம்பது நாளும் தோன்றவில்லை. உடம்பின் மேல் இருப்பதைத்தான் நான் உலோகமாக நினைத்துப் பழகியிருந்தேன். எலும்புக்குள் போனது என் எலும்பாகிவிட்டது என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

ஐம்பத்தோராவது நாள் முதல் ஷிப்ட். காலை ஆறு மணிக்கு உள்ளே போக வேண்டும். உள்ளே போகும்போது சோதனை கிடையாது, வரும்போதுதான். வீக்கம் முழுசாக வடியவில்லை, ஆனாலும் ஷூவுக்குள் கால் போனது. லாக்கர் ரூமில் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். என்ன குழந்தை? பொண்ணு. எவ்வளவு எடை? மூணு கிலோ. யார் ஜாடை? அப்பன் ஜாடை, மூக்கு மட்டும் எங்க வீட்டு மூக்கு. சரளமாக வந்துகொண்டே இருந்தது. மூக்கு வரைக்கும் போயிருக்க வேண்டாம்.

அப்போதுதான் செக்கிங் அக்கா வந்தார். பெண்கள் பக்கம் சோதனை செய்கிற செக்யூரிட்டி அவர். ஐம்பது வயதிருக்கும், பாகலூர் பக்கத்து ஆள், வீட்டில் கன்னடம். பதினோரு வருஷமாகத் தினமும் என்னைத் தடவிப் பார்த்து அனுப்புகிறவர். என் அம்மாகூட என்னை அத்தனை தடவை தொட்டிருக்க மாட்டாள். மெஷின் ஒரு தடவைகூட எனக்குக் கத்தியதில்லை என்று புதிதாக வருகிறவர்களிடம் என்னைத்தான் காட்டுவார். காகிதத்தில் சுற்றிய ஒன்றை என் கையில் வைத்தார். பிரித்தேன். குழந்தைக்குப் போடுகிற கறுப்பு வளையல், நாலு.

"மலைக் கோயில்ல வெச்சு வாங்கினு வந்தேன். மகுவுக்குப் போடு. கண்ணு படக் கூடாது" என்றார். மகு என்றால் அவர் பாஷையில் குழந்தை.

"எதுக்குக்கா இதெல்லாம்" என்றேன். வேறென்ன சொல்வது? வளையலை லாக்கரில் வைத்துப் பூட்டினேன். அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிடக் கால் வலிக்கவில்லை என்ற சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. இரண்டு காலிலும் நின்று வேலை செய்து எத்தனை நாள் ஆகியிருந்தது.

பதினொன்றரைக்குச் சாப்பாடு. எனக்கு எதிரே உட்கார்ந்த தோழிக்குக் கடைவாய்ப் பல்லில் ஸ்டீல் மூடி. அவள் அடையாள அட்டையில் பச்சைப் பொட்டு ஒன்று ஒட்டியிருக்கும். உடம்புக்குள் உலோகம் வைத்துக்கொள்கிறவர்கள் டாக்டர் லெட்டரோடு முதலிலேயே ஆபீஸில் சொல்ல வேண்டும். அவர்கள் மெஷினில் பார்த்துக் குறித்துக்கொண்டு பச்சைப் பொட்டு ஒட்டுவார்கள். சாம்பாரில் இருந்த முருங்கைக்காயைக் கடித்துக்கொண்டே அவள், "இந்தப் பல்லால எனக்கு தினமும் ரெண்டு நிமிஷம் லேட்டாவுது" என்று சலித்துக்கொண்டாள்.

நான் தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன். அவளுக்குப் பல்லில் இருப்பதைவிட இரண்டு மடங்கு நீளத்தில் என் காலில் இருந்தது.

"என்னா ஆச்சு?" என்றாள். காரம் என்றேன்.

இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. போன் லாக்கரில், லாக்கர் மெஷினுக்கு அந்தப் பக்கம். டாக்டரைக் கேட்க வழியில்லை, வீட்டுக்காரரைக் கூப்பிட வழியில்லை. ஆபீஸுக்குப் போய் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் கால் தெரிந்துவிடும், லீவு லெட்டர் பொய் என்பதும் தெரிந்துவிடும், லிஸ்ட் போய்விடும். டைட்டானியம் என்றாரே, அது வேறு ஜாதி உலோகமாக இருந்தால் மெஷினுக்குத் தெரியாமலே போகலாம். எலும்புக்குள்ளே ஆழமாக இருக்கிறதே. இப்படி மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு கம்மலைச் சக்கரத்தில் காட்டும்போது கை நழுவி அது தட்டில் விழுந்தது. எனக்கு அப்படி விழுந்ததே கிடையாது. பொறுக்கி எடுத்து மறுபடியும் சக்கரத்தில் காட்டினேன். நான் ஆபீஸுக்குப் போகவில்லை. ஷிப்ட் முடிகிற மணி அடிக்கும்வரை போகவில்லை. அந்த மூன்று மணி நேரத்துக்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

இரண்டரைக்கு வரிசையில் நின்றேன். முன்னால் எட்டுப் பேர். வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஆறு பேர். நாலு பேர். எனக்கு முன்னால் இருந்தவள் போனாள், பச்சை விளக்கு. நான் காலை வைத்தேன். மெஷின் கத்தியது.

செக்கிங் அக்கா சிரித்தார். "மகு வளையலை மாட்டிகினு வந்துட்டியா?" என்றார். திரும்பப் போய் வரச் சொன்னார். போய் வந்தேன். மறுபடியும் கத்தியது. இப்போது அவர் சிரிக்கவில்லை. கைக் கருவியைத் தலையிலிருந்து இறக்கினார். கழுத்து, இடுப்பு, முட்டி, எங்கும் சத்தமில்லை. இடது பாதத்துக்கு வந்ததும் கீச்சென்றது. ஷூவைக் கழற்றினேன். ஷூவில் சத்தமில்லை. சாக்ஸைக் கழற்றினேன். சாக்ஸிலும் இல்லை. வெறும் பாதத்தின் மேல் கொண்டு வந்ததும் கீச்சென்றது. எனக்குப் பின்னால் வரிசையே என் காலைப் பார்த்தது. வெளியே பஸ் மறுபடி ஹாரன் அடித்தது.

தனி அறைக்குக் கூட்டிப் போனார். செக்யூரிட்டி ஆபீசரும் வந்தார். அக்கா தரையில் உட்கார்ந்து என் பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு விளக்கில் பார்த்தார். அரிசி நீளத்தில் அந்தக் கீறல்கள், இன்னும் இளஞ்சிவப்பாக. கட்டைவிரலால் அழுத்தினார். தோலுக்கடியில் ஸ்குரூவின் தலை கல் மாதிரி தட்டுப்பட்டிருக்க வேண்டும். அவர் கை சட்டென்று நின்றது.

முன்பு ஒரு ஆள் விரலைக் கீறிக்கொண்டு, அந்தக் கட்டுக்குள் தங்கத் துகளை வைத்துக் கொண்டுபோகப் பார்த்து மாட்டிக்கொண்டான். அந்தக் கதை தெரியாதவர்கள் எங்கள் கம்பெனியில் இல்லை. தங்கத்தில் வேலை செய்கிறவளின் காலில் புதுசாகச் சின்னச் சின்னக் கீறல்கள், அதற்கடியில் உலோகம். பழைய முறையில் விரல் நீளத்துக்குக் கிழித்துத் தையல் போட்டிருந்தால் பார்த்தவுடன் ஆபரேஷன் என்று யாரும் நம்பியிருப்பார்கள். தழும்பு தெரியாமல் செய்துகொண்டேன் அல்லவா, இப்போது திருட்டுக் கீறல் மாதிரி இருந்தது.

"உள்ள என்ன வெச்சிருக்க?" என்றார் ஆபீசர்.

"ஸ்குரூ சார். ஆபரேஷன் பண்ணேன்."

"எப்போ?"

"லீவுல."

செக்கிங் அக்கா தலையைத் தூக்கினார். என் பாதம் இன்னும் அவர் மடியில் இருந்தது. "லீவுல நீ தங்கச்சி பிரசவத்துக்குத்தான போன?" என்றார்.

அப்போதும் ஒரு பொய் என் நாக்கு நுனிக்கு வந்தது. பிரசவம் முடிந்த கையோடு ஆபரேஷனும் பண்ணிக்கொண்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் குழந்தை பிழைத்திருக்கும். ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழந்தை இல்லக்கா" என்றேன். "பிரசவமே இல்ல. காலுக்குத்தான் லீவு போட்டேன்."

அவர் என் பாதத்தை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் நின்றார். காலில் ஆறாத இடத்தை அவர் அழுத்தியபோதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை.

ஆபீசர் மேஜையில் இருந்த போனை எடுத்தார். "லெட்டர் இல்ல, பொட்டு இல்ல, லீவுக்கும் பொய் சொல்லியிருக்க. நான் எதை நம்பறது? போலீஸ் வந்து பார்த்துக்கட்டும்" என்றார். அவர் மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். வீட்டில் எக்ஸ்ரே இருக்கிறது, மஞ்சள் கவரில் இருக்கிறது என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"சார்" என்றார் செக்கிங் அக்கா சுவர் ஓரத்திலிருந்து. "பதினோரு வருஷமா இவளைப் பார்க்கறேன். இவ பொய் சொல்றவதான். திருடறவ இல்ல. இவ ஊட்டுக்காரனுக்குப் போன் போடுங்க. படம் வரட்டும். வரலன்னா அப்புறம் போலீஸ்."

என்னைக் காப்பாற்றிய வாக்கியம் அது. பொய் சொல்றவதான் என்றபோது அவர் என் பக்கம் பார்க்கவேயில்லை.

ஒன்றரை மணி நேரம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். அக்காவின் ஷிப்டும் முடிந்திருந்தது, ஆனால் பெண்ணைத் தனியாக விட்டுப் போகக் கூடாது என்று சட்டம், அதனால் அவரும் உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு தடவை "அக்கா" என்றேன். அவர் கைக் கருவியின் ஸ்விட்சைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தார். பசித்திருக்கும் அவருக்கு. நாலு மணிக்கு என் வீட்டுக்காரர் வேலை செய்கிற யூனிபாரத்தோடு வந்தார், நெஞ்சோடு மஞ்சள் கவரை அணைத்துக்கொண்டு. ஆபீசர் படத்தை டியூப் லைட்டில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டார். கைக் கருவியைப் படத்தில் ஸ்குரூ இருந்த இடத்துக்கு நேராக என் காலில் வைத்துப் பார்த்தார். பிறகு, போகலாம் என்றார்.

வேலை போகவில்லை. பொய் லீவுக்கு மெமோ கொடுத்தார்கள். அடுத்த மாதம் பர்மனென்ட் லிஸ்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் பார்த்தேன், என் பெயர் இல்லை. அன்றைக்குப் பாத்ரூமில் போய் அழுதேன். அடுத்த தடவை பார்க்கலாம் என்கிறார் சூப்பர்வைசர். இப்படிச் சொல்லியே பல தடவை பார்த்தவர் அவர்.

வளையலை மறுநாளே செக்கிங் அக்காவிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். லாக்கர் ரூமில் எல்லாரும் இருக்கும்போதே நீட்டினேன், மறைத்துக் கொடுத்தால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும் என்று. அவர் வாங்கவில்லை.

"வெச்சிக்கோ. அடுத்த பொய்க்கு ஆவும்" என்றார்.

இப்போது என் அட்டையிலும் பச்சைப் பொட்டு இருக்கிறது. தினமும் இரண்டரைக்கு நான் காலை வைத்ததும் மெஷின் கத்தும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பொட்டு இருக்கிறவர்களைக் கைக் கருவியால் ஒரு தடவை பார்த்தால் போதும் என்பது சட்டம். பல்லில் மூடி போட்டவளைச் செக்கிங் அக்கா ஒரு தடவை பார்த்து, கன்னத்தில் தட்டி அனுப்புகிறார். என் காலை மட்டும் இரண்டு தடவை பார்க்கிறார். முதல் தடவை கீச்சென்றதும் அட்டையைப் பார்க்கிறார், பிறகு மறுபடி குனிகிறார். நான் ஏன் என்று கேட்டதில்லை. ஷூவைக் கழற்றிப் பாதத்தைத் தரையில் முழுசாக ஊன்றி, அவர் போ என்று சொல்லும்வரை இடது காலிலேயே நிற்கிறேன். கால் வலிப்பதில்லை.